தண்ணீர் சேர்த்ததாகச் சந்தேகம்

கட்டுமான வேலையில் தரம் பார்ப்பது என் பிழைப்பு. கான்கிரீட் வந்தால் அது கெட்டியா தளர்வா என்று பார்ப்பேன். கம்பி கட்டியிருந்தால் இடைவெளி அளப்பேன். சரியில்லை என்றால் வேலையை நிறுத்துவேன். ஒரு வேலைத்தளம் என்று இருந்தால் அதில் யாருக்கும் பிடிக்காத ஆள் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். அந்த ஆளாக இருப்பதற்காகத்தான் தினமும் காலையில் திருநின்றவூரில் ரயிலேறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி, கும்மிடிப்பூண்டி வண்டிக்கு மாறி, மூச்சு வாங்கப் போய்ச் சேர்வேன்.

தொழிற்பேட்டைக்குள் ஒரு பெரிய தொழிற்சாலைக் கொட்டகை எழும்பிக்கொண்டிருந்த நேரம் அது. அதுவரை நான் பார்த்த எல்லாத் தளங்களிலும் ஒரே கான்கிரீட்டுக்கு ஐந்து நோட்டு இருந்தது. கவரைப்பேட்டைப் பக்கம் இருந்த கலவை ஆலை ஒரு நேரத்தை எழுதும். எங்கள் கேட்டில் வாட்ச்மேன் இன்னொரு நேரத்தை எழுதுவார். ஒப்பந்தக்காரரின் நோட்டு, ஆலோசகரின் நோட்டு, என் நோட்டு என்று ஆளுக்கொரு கதை. தகராறு வந்தால் எல்லோரும் அவரவர் நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வருவார்கள். கடைசியில் எவர் குரல் பெரிதோ அவர் நோட்டுதான் உண்மை. என் குரலும் சின்னது இல்லை என்பதால் நான் அதிகம் தோற்றதில்லை.

இந்தத் தளத்தில்தான் முதன்முறையாக ஒரு ஆப் வந்தது. ஆலை, ஒப்பந்தக்காரர், ஆலோசகர், உரிமையாளர் என்று எல்லோரும் ஒரே இடத்தில் எழுத வேண்டும், எல்லோரும் எல்லாவற்றையும் பார்க்கலாம். சொல்லிக்கொடுக்க வந்தவர் பளபளவென்ற ஷூவோடு சேற்றில் இறங்க மாட்டேன் என்று நின்றதைப் பார்த்து, இது பத்து நாள் கூத்து என்றுதான் நினைத்தேன். ஆனால் ஒரு மாதத்தில் அந்த ஆப்பின் மேல் எனக்குக் காதலே வந்துவிட்டது. ஒவ்வொரு லாரிக்கும் ஒரு பக்கம். ஆலையில் என்ன கலந்தார்கள், எப்போது கிளம்பியது, எப்போது கேட்டுக்குள் வந்தது, எந்தத் தூணுக்குப் போட்டோம், சோதனையில் என்ன வந்தது, எல்லாம் மேலிருந்து கீழே ஒரே பக்கத்தில். சோதனை சரியாக இருந்தால் பச்சைக் கட்டம், குறைந்தால் சிவப்புக் கட்டம். யாரும் எதையும் அழிக்க முடியாது. இனி எவனும் என்னிடம் நோட்டைத் தூக்கிக்கொண்டு வர முடியாது என்று எனக்கு அவ்வளவு குஷி.

ஒரு கெட்ட பழக்கமும் அதோடு வந்தது. எங்கள் லேப் என்பது தளத்தின் கோடியில், காம்பவுண்டு சுவரை ஒட்டி, தகரக்கூரை போட்ட ஒரு அறை. முன்பெல்லாம் தினம் இரண்டு முறை வெயிலில் அங்கே நடப்பேன். ஆப் வந்தபின் லேப்காரர் அங்கிருந்தே எண்ணைப் பதிவார், படம் போடுவார். நான் ஆபீஸில் ஏசிக்குக் கீழே உட்கார்ந்து ‘சரி’ என்று ஒரு தட்டு தட்டுவேன். எல்லாம்தான் கண்முன்னே தெரிகிறதே, எதற்கு நடக்க வேண்டும்?

லேபில் நடப்பது என்னவென்று சொல்லிவிடுகிறேன். லாரி வந்ததும் அந்தக் கான்கிரீட்டில் கொஞ்சம் எடுத்து இரும்பு அச்சுகளில் நிரப்புவோம். மறுநாள் அச்சைக் கழற்றினால் ஒரு சாண் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவான சதுரக் கட்டிகள் கிடைக்கும். க்யூப் என்போம். ஒவ்வொன்றின் மேலும் அது எந்தத் தூணுக்குப் போட்டது என்று எண் எழுதி, தண்ணீர்த் தொட்டியில் மூழ்க வைப்போம். ஏழாம் நாள் பாதியை, இருபத்தெட்டாம் நாள் மீதியை, ஒரு இயந்திரத்தில் வைத்து நொறுக்குவோம். எவ்வளவு அழுத்தத்தில் நொறுங்குகிறதோ அதுதான் அந்தத் தூணின் ஜாதகம்.

லேப்காரர் திருவள்ளூர்க்காரர். அவருடைய அண்ணன் அங்கே பெருமாள் கோயிலில் கைங்கரியம் செய்கிறார். இவர் படித்தது டிப்ளமோ, வந்து சேர்ந்தது சிமெண்டுக்கு. ஆனால் குணம் மாறவில்லை. காலையில் லேபைத் திறந்ததும் முதலில் நொறுக்கும் இயந்திரத்தைத் துடைத்து, ஒரு பூ வைத்து, கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகுதான் ஸ்விட்சைத் தொடுவார். எண்களில் பொய் சொல்லத் தெரியாத மனிதர். எங்கள் தொழிலில் அது அபூர்வம். பல லேப்களில் க்யூப் தண்ணீரில் இருக்கும்போதே அதன் ரிசல்ட் நோட்டில் ஏறியிருக்கும்.

அடுத்து லாரி ஓட்டுநர். உருளும் தொட்டி வைத்த கான்கிரீட் லாரியை கவரைப்பேட்டை ஆலையிலிருந்து எங்களுக்கு ஓட்டி வந்த ஐம்பது வயதுக்காரர். ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர். சின்னவர் பெரியவர் பார்க்காமல் ஆண்களை எல்லாம் ‘நைனா’ என்பார், என்னை மட்டும் மேடம் என்பார். எனக்கும் அவருக்கும் ஆகாது. காரணம், அவர் எனக்குப் பயப்பட மாட்டார்.

ஆயுத பூஜைக்கு மூன்று நாள் முன்பு ஒரு வரிசைத் தூண்களுக்குக் கான்கிரீட் போட்டோம். வண்டி தாமதமாக வந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. ஆட்கள் எல்லாம் சாரத்தின் மேல் காத்திருந்தார்கள். நான் கேட்டிலேயே பிடித்துக்கொண்டேன்.

“டைம் பாருங்க. பிளான்ட்ட உட்டு கிளம்பி எவ்ளோ நேரம் ஆச்சு?”

“ரயில்வே கேட்டு போட்டுக்கினான் மேடம். ரெண்டு கூட்ஸு போச்சு. நான் இன்னா மேலயா பறந்து வர முடியும்?” என்றவர் வண்டியிலிருந்து இறங்காமலே, “அத்தயும் உன் ஆப்ல ஏத்திக்கோ. கூட்ஸு எத்தினி பொட்டினு எண்ணிக்கூட சொல்றேன்” என்றார்.

சாரத்தின் மேல் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சுள்ளென்றது. சோதனையைச் செய்தேன். கான்கிரீட்டைக் கூம்புத் தகரத்தில் நிரப்பி, தகரத்தை உருவினால் அது எவ்வளவு உட்காருகிறது என்று அளக்க வேண்டும். தண்ணீர் கூடினால் மோர்ச்சோறு மாதிரிச் சரிந்துவிடும், காய்ந்த பிறகு பலமும் இருக்காது. அன்று அது சரியாகத்தான் உட்கார்ந்தது. படம் எடுத்து ஆப்பில் ஏற்றினேன். வேலை முடிந்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அந்த மனிதர் கையில் தண்ணீர் ஹோஸோடு வண்டியின் பின்னால் நின்றுகொண்டிருந்தார். பார்த்தேன், அவ்வளவுதான்.

அதே நாள் காம்பவுண்டு சுவர் ஆட்களும் அஸ்திவாரத்துக்குச் சாதாரணக் கான்கிரீட் போட்டார்கள். லாரியில் வந்தது இல்லை, தளத்திலேயே கலந்தது. சுவருக்கு அது போதும். அதற்கும் க்யூப் எடுத்து அதே தொட்டியில் போட்டோம்.

ஆயுத பூஜையன்று தளமே கல்யாண வீடாக இருந்தது. கிரேனுக்கு வாழைக்கன்று, கலவை இயந்திரத்துக்கு மாலை, லாரிச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். லேப்காரர் முந்தின நாளே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு லேபைக் கழுவ ஆரம்பித்துவிட்டார். நொறுக்கும் இயந்திரத்துக்கு நெற்றி எங்கே இருக்கிறதோ தெரியாது, ஒரு இடத்தைக் கண்டுபிடித்து அழகாக நாமம் சாத்தியிருந்தார். நான் ஆபீஸில் நடந்த பூஜைக்கு நின்றேன், பொரி கடலைப் பொட்டலத்தை வாங்கிப் பையில் போட்டேன், பூசணிக்காய் உடைத்த கையோடு மத்தியான ரயிலைப் பிடித்தேன். லேப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

தூண்களின் ஏழாம் நாள் வந்தது. காலையில் ஆபீஸில் டீ ஆறிக்கொண்டிருந்தபோது என் திரையில் சிவப்புக் கட்டம். வர வேண்டியதில் பாதிகூட வரவில்லை. மூன்று க்யூபும் அப்படியே. கூரையைத் தாங்கப்போகும் தூண்கள் அவை.

நோட்டுக் காலமாக இருந்தால் அந்தச் செய்தி முதலில் எனக்கும் லேப்காரருக்கும் மட்டும்தான் தெரிந்திருக்கும். நடந்து போயிருப்பேன், நொறுங்கிய துண்டுகளைக் கையில் எடுத்துப் பார்த்திருப்பேன், அவரைக் கேட்டிருப்பேன். இப்போது அந்தச் சிவப்பு எனக்கு வந்த அதே நொடியில் எல்லோருக்கும் போய்விட்டது. ஃபோன் மேல் ஃபோன். எங்கள் திட்ட மேலாளர், நல்ல மனிதர்தான், ஆனால் மேலிடத்து ஃபோன் வந்தால் வியர்த்துவிடுவார். அவர் வேகவேகமாக என் மேஜைக்கு வந்தார்.

“காரணம்னு ஒரு பாக்ஸ் இருக்குல்ல மேடம், அத காலியா உடாதீங்க. ஹெட் ஆபீஸ்ல அததான் கேக்கறாங்க. ஏதாவது போடுங்க.”

போட்டேன். கையில் ஹோஸோடு நின்ற உருவம் கண்முன்னே வந்தது. கூட்ஸு பெட்டி எண்ணிச் சொல்கிறேன் என்ற குரலும் வந்தது. ‘ஓட்டுநர் தளத்தில் தண்ணீர் சேர்த்ததாகச் சந்தேகம்’ என்று ஆங்கிலத்தில் ஒரே வரி. மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது. அதை எழுதியபோது எனக்குள் ஒரு சின்னத் திருப்தி இருந்தது என்பதையும் மறைக்க மாட்டேன்.

இரண்டு நாள் கழித்து, சாப்பாட்டு நேரத்தில், வாட்ச்மேன் என்னைத் தேடி வந்தார். கேட்டில் யாரோ நிற்பதாகச் சொன்னார். போய்ப் பார்த்தால் அந்த ஓட்டுநர். லாரி இல்லாமல் அவரைப் பார்ப்பது அதுதான் முதல்முறை. ஆள் இவ்வளவு குள்ளம் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வண்டியின் உயரத்தில் உட்கார்ந்திருந்த மனிதரைத்தான் இத்தனை நாள் அண்ணாந்து பார்த்துச் சண்டை போட்டிருக்கிறேன்.

“மேடம், நான் தண்ணி ஊத்தல.”

“ரிசல்ட் அப்டி வந்துருக்கே. நான் இன்னா பண்ணட்டும்?”

“வண்டிய புடுங்கிக்கினாங்க மேடம். சாவிய குடுன்னு வாங்கிக்கினு, தொடப்பத்த குடுத்து பிளான்ட்டு யார்ட கூட்டுன்றாங்க. கூட்டிக்கினுதான் கீறேன். ஆனா அதுவும் மாசக் கடைசி வரிக்கும்தானாம். அப்பால வர வேணான்னுட்டாங்க. சரி, வேற பிளான்ட்டுல கேக்கலாம்னு போனேன். அவன் ஃபோன எட்த்துப் பாத்துட்டு, இன்னா நைனா, உன் பேர்ல தண்ணி கேஸு கீதேன்றான். அவனுக்கு எப்டி மேடம் தெரிஞ்சிது?”

அந்த இன்னொரு ஆலையும் எங்கள் தளத்துக்குக் கான்கிரீட் கொடுத்துக்கொண்டிருந்தது. அவர்களும் அதே ஆப்பில்தான் இருந்தார்கள். எல்லோரும் எல்லாவற்றையும் பார்க்கலாம் என்பதுதானே அதன் பெருமை.

“இருவது வருசமா ஓட்றேன். தண்ணி ஊத்து, தண்ணி ஊத்துன்னு கான்கிரீட் போட்றவங்கதான் கெஞ்சுவாங்க, இளக்கமா இருந்தா அவங்களுக்கு வேலை சுளுவா முடியும். எனக்கு இன்னா மேடம் அதுல? வெறும் பேஜாரு. நான் ஊத்துனதே இல்ல.”

அவர் கெஞ்சவில்லை. சொன்னார், அவ்வளவுதான். நான்தான் விறைத்துக்கொண்டு நின்றேன். “எல்லாம் டேட்டாவுல இருக்கு. நீங்க வாயால சொன்னா அது மாறாது” என்றேன்.

“அப்ப அத்தயே நல்லா பாருங்க” என்றார்.

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். மெயின் ரோட்டுக்கு அங்கிருந்து நல்ல தூரம்.

நான் பார்க்கத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அவருக்காக இல்லை, நான் சொன்னதுதான் சரி என்று அசைக்க முடியாமல் நிரூபித்து, அச்செடுத்து, அடுத்த முறை வந்தால் முகத்துக்கு நேரே நீட்ட வேண்டும் என்றுதான். என் புத்தி அப்படி.

முதலில் நேரத்தைப் பார்த்தேன். தாமதம்தான், ஆனால் அனுமதித்த நேரத்துக்குள் இருந்தது. அடுத்து நான் எடுத்த படம். கூம்புத் தகரத்துக்குப் பக்கத்தில் கான்கிரீட் ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. அளவும் சரி. பதிந்தது நான். அதற்கடுத்து லாரியிலிருந்து இறக்கி முடித்த நேரம். அதையும் பதிந்தது நான்தான், சாப்பாட்டுக்கு முன்பு. அப்படியானால் சாப்பிட்டுவிட்டு வந்து நான் பார்த்தபோது அவர் காலி வண்டியின் வாயைக் கழுவிக்கொண்டிருந்திருக்கிறார். எல்லா ஓட்டுநரும் தினமும் செய்வது. ஊற்றியிருந்தாலும் அந்தத் தண்ணீர் எங்கள் தூணுக்கு வந்திருக்க முடியாது.

என் காது சூடானது. யாரும் பார்க்காத இடத்தில் வருகிற வெட்கம் இன்னும் மோசம்.

அப்படியானால் க்யூப் ஏன் பாதியில் நொறுங்கியது? அன்றைய நாளின் எல்லாப் பக்கங்களையும் திறந்தேன். காம்பவுண்டு சுவர் அஸ்திவாரத்தின் பக்கம் பச்சையாக இருந்தது. பச்சை என்பதால் நான் அதைத் திறந்துகூடப் பார்க்காமல் ‘சரி’ தட்டியிருந்தேன். இப்போது எண்ணைப் பார்த்தேன். சுவருக்குப் போட்ட அந்தச் சாதாரணக் கான்கிரீட், தேவையைப்போல இரண்டு மடங்குக்கு மேல் தாங்கியிருந்தது. தூணுக்கு வர வேண்டிய எண் அது. சிவப்பைப் பார்த்து ஏன் என்று கேட்க ஐந்து ஆபீஸ் இருக்கிறது. பச்சையைப் பார்த்து ஏன் இவ்வளவு பச்சை என்று கேட்க ஒருவரும் இல்லை, என்னையும் சேர்த்து.

லேபின் படங்களைப் புரட்டினேன். நொறுங்கிய க்யூப், அளவுமானி, நொறுங்கிய க்யூப் என்று வரிசையாக வந்ததில் நடுவே ஒரு பூஜைப் படம். வாட்ஸ்அப்பில் போட வேண்டியதை லேப்காரர் கை தவறி இதில் ஏற்றியிருந்தார். இயந்திரத்துக்கு முன்னால் வாழையிலையில் பொரி, பழம், சுண்டல். அதற்கு இரண்டு பக்கமும் க்யூப்கள், காவலுக்கு நிற்பதுபோல இரண்டு வரிசை. ஒவ்வொன்றின் மேலும் சந்தனம், குங்குமம். தேய்த்துக் கழுவிய புத்தம்புது முகங்கள். ஒன்றின் மேலும் எண் இல்லை.

எழுந்து நடந்தேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்த வெயிலில் லேபுக்கு நடந்தேன்.

“பூஜைக்கு க்யூப்பெல்லாம் தொட்டியிலிருந்து வெளிய எடுத்தீங்களா?” என்று கேட்டேன்.

“எடுத்தேனே மேடம். தொட்டி பூரா பாசி. அதை அலம்பிவிட்டு, புதுசா போட்ட அந்த ரெண்டு செட் க்யூப்பையும் பிரஷ் போட்டுத் தேய்ச்சு வெச்சேன். பூஜைக்கு வைக்கிறோம், அழுக்கா இருக்கலாமோ?”

“எழுதியிருந்த நம்பர்?”

அவர் கை இயந்திரத்தின் மேல் இருந்தது. அதை எடுத்தார். “அழிஞ்சுடுத்து. ஆனா வரிசை எனக்குத் தெரியும் மேடம். இந்தப் பக்கம் தூண், அந்தப் பக்கம் சுவர். பூஜை முடிஞ்சதும் அதே மாதிரி திரும்ப எழுதித் தொட்டியில போட்டேன்.”

ஃபோனை நீட்டினேன். படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். இயந்திரத்தைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், மறுபடியும் படத்தை. தொட்டியின் பக்கம் நின்று பார்த்தால் எது வலமோ, அது இயந்திரத்தின் பக்கம் திரும்பினால் இடம்.

“மேடம்... நான் திரும்பி நின்னுண்டு எழுதியிருக்கேன்.”

கோபப்பட வேண்டிய நேரம்தான். எனக்கு வரவில்லை. எண்ணில் ஒரு புள்ளியைக் கூட்டிப் போடாத மனிதர், பக்தியாகச் சுத்தம் செய்யப் போய் இதைச் செய்திருக்கிறார். நான் மத்தியான ரயிலுக்கு ஓடாமல் ஒரு நிமிடம் எட்டிப் பார்த்திருந்தால், எண் எங்கே என்று கேட்டிருப்பேன். நொறுக்கும்போது பக்கத்தில் நின்றிருந்தாலும் உடைந்த துண்டைப் பார்த்தே, இது லாரிக் கான்கிரீட் இல்லையே என்று சொல்லியிருப்பேன். அந்த அளவுக்குத் தொழில் தெரியும் எனக்கு. நிற்கவில்லை.

மேலாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் முதலில் தூணைத் தட்டிப் பார்க்கும் கருவியைக் கொண்டு வரச் சொன்னார். ஆலோசகரின் ஆளும் கூட நிற்க, ஒவ்வொரு தூணாகத் தட்டிப் பார்த்தோம். எல்லாம் கணீரென்று இருந்தது. மேலாளருக்கு உயிர் வந்தது.

“அவ்ளோதான் மேடம். மறுசோதனை சரின்னு ஒரு வரி போட்டு மூடிடுங்க.”

“டிரைவர்?”

“தூணு பாஸுன்னா அவரும் பாஸுதானே.”

“இல்ல சார். நான் எழுதுன வரி அங்கயே இருக்கும். தண்ணி ஊத்துனான், அப்டியும் தூணு தப்பிச்சிதுன்னுதான் படிப்பாங்க.”

அவர் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “லேப்ல மாறிப்போச்சுன்னு எழுதினா, இதுவரைக்கும் நீங்க குடுத்த எல்லா ரிசல்ட்டயும் சந்தேகப்படுவாங்க. லேப்காரர் வேலை போகும். உங்களுக்கும் நல்லது இல்ல. யோசிங்க.”

யோசித்தேன். சாயங்கால ரயிலில் பொன்னேரி, மீஞ்சூர் எல்லாம் கடந்தது தெரியவில்லை. மேலாளர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஒருவரைக் காப்பாற்றப் போய் இன்னொருவரைத் தள்ளிவிடப் போகிறேன். அந்த இன்னொருவர் எனக்குப் பிடித்தவர், முதலாமவர் பிடிக்காதவர். இதை இவ்வளவு பச்சையாக எனக்கு நானே சொல்லிக்கொண்டபோது எனக்கே அசிங்கமாக இருந்தது.

மறுநாள் காலை லேப்காரர் ஆபீஸ் வாசலில் எனக்கு முன்னால் வந்து நின்றிருந்தார்.

“என் பேரைப் போட்டே எழுதிடுங்கோ மேடம். அந்த டிரைவர் யார்டைக் கூட்டிண்டிருக்காராம், வாட்ச்மேன் சொன்னான். வண்டி ஓட்டற கை. என்னால சாப்பிட முடியலே.”

எழுதினேன். அவர் பெயரைப் போடவில்லை. ‘ஆயுத பூஜைக்காகத் தொட்டியைக் கழுவியபோது க்யூப்களின் எண் அழிந்து, மாற்றி எழுதப்பட்டது. லேப் என் பொறுப்பு. நான் சரிபார்க்காமல் ஒப்புக்கொண்டேன். ஓட்டுநர் தண்ணீர் சேர்க்கவில்லை, என் படமும் என் பதிவுகளுமே அதற்குச் சாட்சி. அவர் மேல் நான் எழுதியது தவறு.’ கூடவே அந்தப் பூஜைப் படத்தையும் இணைத்தேன். அனுப்பும் பொத்தானை அழுத்தும் முன் மூன்று முறை படித்துப் பார்த்தேன். முந்தின வரியை ஒருமுறைகூடப் படித்துப் பார்த்ததில்லை.

வந்ததெல்லாம் வந்தது. உரிமையாளர் தரப்பு வெளியிலிருந்து ஒரு லேபைக் கூட்டிவந்து எங்கள் பழைய க்யூப்களை எல்லாம் கிளறியது. வேறு தப்பு ஒன்றும் அகப்படவில்லை. எனக்கு ஒரு விளக்கக் கடிதம் கேட்டார்கள், கொடுத்தேன். லேப்காரர் வேலை தப்பியது, ஆனால் இரண்டு மாதம் அவர் செய்வதை மேற்பார்க்க ஒரு ஆளை உட்கார வைத்தார்கள். மனிதர் தலைகுனிந்து அதையும் ஏற்றுக்கொண்டார். மேலாளர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. க்யூப் மேல் மையில் எழுதுவதை நிறுத்தி, கான்கிரீட் ஈரமாக இருக்கும்போதே ஆணியால் எண்ணைக் கீறச் சொன்னேன். நொறுக்கும்போது நான் பக்கத்தில் நிற்க ஆரம்பித்தேன். கலவை ஆலையின் மேலாளர் எனக்கு ஃபோன் செய்து, அந்த ஆளுக்குச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம் என்றார், ஏதோ எனக்குச் செய்த உபகாரம் மாதிரி.

சில நாள் கழித்து அடுத்த வரிசைத் தூண்களுக்குக் கான்கிரீட் வந்தது. வண்டியைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. என்ன சொல்வது என்று வார்த்தை தேடிக்கொண்டு போனேன். அவரே இறங்கி வந்தார்.

“மன்னிச்சிக்கோங்க. தப்பு என்னுதுதான்” என்றேன். இருபது பேருக்கு முன்னால் சொன்னேன். எவரும் சிரிக்கவில்லை.

“எழுதிட்டீங்களாமே. இன்னா எழுதினீங்க, காட்டுங்க.”

திரையை அவர் பக்கம் திருப்பினேன். இங்கிலீஷ் தனக்கு வராது, படித்துச் சொல்லுங்கள் என்றார். கீழே இருந்த இரண்டாவதைப் படிக்கப் போனேன். “மேலருந்து படிங்க” என்றார். முதல் வரியைப் படித்தேன். தமிழில் அதை என் வாயாலேயே அவர் முகத்துக்கு நேரே சொன்னபோதுதான் அது எவ்வளவு கேவலமான வரி என்று உறைத்தது. பிறகு இரண்டாவதைப் படித்தேன். பொறுமையாகக் கேட்டார்.

“மேல கீறத எடுக்க முடியாதா?”

“முடியாது. கேட்டுப் பாத்துட்டேன். ஒருதரம் எழுதினா எழுதினதுதான்.”

“சர்தான். அப்டி இருந்தாத்தான் நாயம்” என்றார். இன்னும் கொஞ்சம் குனிந்து திரையைப் பார்த்தார். அவருடைய வண்டி எண்ணுக்குக் கீழே விரலை வைத்தார். “இது இன்னா நம்பரு? எனக்குத் தெரிஞ்ச நம்பரா கீது.”

“உங்க ஃபோன் நம்பர். எல்லா வண்டிக்கும் டிரைவர் நம்பர் போடணும்.”

“இத்த யாரு போட்றது?”

“நான்தான்.”

அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“அப்ப எழுதறதுக்கு முன்ன, ஒருவாட்டி கூப்ட்டு கேட்டிருக்கலாமே மேடம்?”

அவர் ஏணியில் ஏறித் தொட்டியைச் சுழலவிட்டார். அந்தத் தளத்தில் நான் அதுவரை நூற்றுக்கணக்கான ஓட்டுநர்களின் எண்ணை என் கையால் பதிந்திருந்தேன். அதில் ஒரு எண்ணைக்கூட ஒருமுறையும் கூப்பிட்டதில்லை.